சத்தியம் செய்யாதவர்கள்

என் கணவரை ரொறன்ரோ விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிட்டார்கள்.

நான் அவருக்கு முந்தியே வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, டோர்செட் பார்க்கில் சின்னம்மாவின் அப்பாட்மென்றில் ஒரு அறையில் இருந்தேன். பகலில் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பலகைகளில் சின்னச் சின்னப் பொருட்களைப் பொருத்துகிற வேலை. அவர் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வீடு வாசலை விட்டு வன்னிப் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம். ஏஜென்சிக்காரன் சொன்னபடி விமானத்துக்குள்ளேயே அவன் தந்த கள்ளப் பாஸ்போட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். தான் இன்னார் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிறப்புப் பத்திரம் ஊரில் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்பதே தெரியாது. தபாலும் இல்லை, ரெலிபோனும் இல்லை.

ஆளடையாளம் தெரியாத ஒருவரை வெளியே விட முடியாது, விட்டால் ஓடிவிடுவார் என்று இமிகிரேசன்காரர் சொன்னார்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட, முன்பு மோட்டலாக இருந்த ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது. டோர்செட் பார்க்கிலிருந்து பஸ், பிறகு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சப்வே, பிறகும் ஒரு பஸ். போய்ச் சேரும்போது காலுக்குள் பனி ஊறியிருக்கும். காவலாளி ஒருவர் பக்கத்தில் நிற்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நீர் சாப்பிட்டனீரோ?"

"ஓம்" என்பேன். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

மாதத்துக்கொரு தடவை ஒரு அதிகாரி அவருடைய விஷயத்தைத் திரும்பப் பார்ப்பார். இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். அடுத்த தடவையும் மறுத்தால் கிரிமினல்களை அடைக்கிற ஜெயிலுக்கு மாற்றக்கூடும் என்று லோயர் சொன்னார். என் கணவரோடு ஒரே அறையில் இருந்த ஒரு பெடியனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் அங்கே அடிபட்டான் என்ற கதை எங்களுக்குள் உலாவியது. ஊரில் ரேடியோ, ரீவி திருத்திக்கொண்டிருந்த மனிதர் என் கணவர். மூன்று வருடத்துக்கு முதல் ஆமி முகாமில் அடைபட்டிருந்து வந்ததிலிருந்து யாராவது பின்னால் நடந்தால் நின்று வழிவிடுவார். ஜெயிலில் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"நிரந்தரமா இங்கை இருக்கிற ஆள் ஒருத்தர் பிணை நிக்கவேணும். அந்த ஆளைப் பாத்தா அதிகாரிக்கு நம்பிக்கை வரவேணும்" என்றார் லோயர்.

சின்னம்மா நிற்க முடியாது. முன்பு சொந்தத்தில் ஒரு பெறாமகனுக்குப் பிணை நின்று, அவன் ஒருவருக்கும் சொல்லாமல் அமெரிக்காவுக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு அவவின் பெயரைக் கேட்டாலே அவர்கள் தலையை ஆட்டுவார்கள். எங்கள் சொந்தத்திலும் பழக்கத்திலும் மிச்சம் எல்லாரும் என்னைப்போல நேற்று வந்தவர்கள்.

அந்தக் கட்டடத்தின் காத்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு கிழமையும் ஒரு வெள்ளைக்கார அம்மா வருவா. எழுபது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைத் தலை. ஆம்பிளையின் கோட் ஒன்று போட்டிருப்பா. பை நிறையக் கம்பளிச் சொக்ஸ். பார்க்க ஒருவரும் வராத ஆட்களைப் பார்க்கத்தான் அவ வருவது என்று காவலாளி ஒருநாள் சொன்னார்.

ஒரு தடவை என்னைக் கன நேரம் காக்க வைத்துவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அவரை அங்கிருந்து மாற்றிவிட்டார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கிட்ட வந்தா.

"நான் பக்கத்தில் இருக்கலாமா?"

தலையை ஆட்டினேன். இருந்தா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. இமிகிரேசன் அனுப்பிய ஆளோ, என் வாயிலிருந்து எதையாவது பிடுங்கப் பார்க்கிறாவோ என்று யோசித்தேன். ஆனால் என்னைக் கூப்பிடும் வரைக்கும் அப்படியேதான் இருந்தா. நான் எழும்பும்போது, "உங்களுக்குத் தேவையென்றால் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் குவேக்கர்கள்" என்று மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொன்னேன்.

"குவேக்கரோ? உது ஓட்ஸ் பெட்டியிலை படம் போட்டிருக்கிற தொப்பிக்காரன்ரை சமயமெல்லோ? கவனம் பிள்ளை. முதல் சொக்ஸ் தருவினம், பிறகு சமயம் மாத்தித் தண்ணியிலை முக்குவினம்."

வேறு வழி தெரியாமல் அடுத்த கிழமை நானே அந்த அம்மாவிடம் பிணை நிற்க முடியுமா என்று கேட்டேன். என் இங்கிலிஸ் அப்போது வேலையிடத்து இங்கிலிஸ்தான். கேட்டு முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவ என் முகத்தைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டா.

"எனக்கு விருப்பம்" என்றா. "ஆனால் தனியாக முடிவெடுக்க மாட்டேன். நான் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி எங்கள் கூட்டம் முழுவதும் பின்னால் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?"

அவர்களுடைய இடம் நகரத்துக்குள் ஒரு பழைய செங்கல் வீடு. உள்ளே சிலையோ படமோ மெழுகுதிரியோ எதுவும் இல்லை. சதுரமாகக் கதிரைகள் போட்டிருந்தன. முப்பது நாற்பது பேர் வந்து இருந்தார்கள். இருந்தவர்கள் அப்படியே பேசாமல் இருந்தார்கள். சுவாமியார் எப்போது வருவார் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

அமைதி என்றால் எனக்கு அப்போது நல்ல சாமான் இல்லை. ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போதாவது அது எங்கே விழுகிறது என்று தெரியும். திடீரென்று எல்லாம் அடங்கினால்தான் அடுத்தது எங்களுக்கோ என்று பங்கருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். அந்த அறையிலும் அப்படித்தான் இருந்தேன். யாரோ இருமியதற்குத் துள்ளினேன். எழும்பி ஓடலாம் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தபோது, எதிரே ஒருவர் எழுந்து நின்று, இந்தக் கிழமை தன் தம்பியோடு பேச முடிந்தது என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டு இருந்தார். மறுபடி அமைதி. மணி அடிக்கவில்லை, ஒன்றுமில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் கையைக் குலுக்கினார். எல்லாரும் கை குலுக்கினார்கள். முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எங்கள் விஷயத்தை எடுத்தார்கள். கூட்டத்தை நடத்திய பெண் என் கணவரின் நிலைமையைச் சொன்னா. ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், சரி என்றார்கள். என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. அப்போது பின் கதிரையில் இருந்த ஒரு பெரிய உடம்புக்காரர் எழும்பினார். சிவந்த முகம், தடித்த கைகள்.

"எனக்கு மனம் ஒப்பவில்லை" என்றார். "அந்த மனிதருக்காக நாங்கள் எல்லாரும் வாக்குக் கொடுக்கப்போகிறோம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. முகம் தெரியாத ஒருவருக்காக என்னால் ஓம் சொல்ல முடியாது."

அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் ஓம். எண்ணிப் பார்த்து முடிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்களிடம் வோட்டுப் போடுகிற பழக்கமே இல்லையாம். ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் பொறுத்திருப்பார்களாம். "அடுத்த ஞாயிறு திரும்பக் கூடுவோம்" என்று அந்தப் பெண் எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினா. அந்த ஞாயிறுக்கு அடுத்தநாள் திங்கட்கிழமை விசாரணை.

வாசலில் அந்த அம்மாவைப் பிடித்தேன்.

"ஏன் நீங்கள் எல்லாரும் அவரிடம் சொல்லவில்லை? நேரமில்லை. என்ர மனுசனை ஜெயிலுக்குக் கொண்டுபோயிடுவாங்கள்."

"தெரியும்" என்றா. அவவின் முகமும் வெளிறித்தான் இருந்தது. "அவரை அடக்கி ஓம் சொல்லவைத்தால், அந்த ஓமை நம்பி நான் அந்த அறைக்குள் போக முடியாது."

எனக்கு அது விளங்கவில்லை. விசர்ச் சனம் என்று நினைத்துக்கொண்டு சப்வேயில் அழுதுகொண்டே வந்தேன். சின்னம்மாவிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னனான். வெள்ளைக்காரர் சிரிச்சுச் சிரிச்சு இல்லை எண்டுவாங்கள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டியைத் தடாரென்று வைத்தா.

புதன்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நேற்று ஒரு பெரிய ஆள் வந்தவர்" என்றார். "மாடு மாதிரி உடம்பு. வந்து முன்னாலை இருந்தார். ஒண்டும் கேக்கேல்லை. நான்தான் பயந்துபோய், 'யூ லோயர்?' எண்டு கேட்டன். 'நோ. பிளம்பர்' எண்டார்."

"பிறகு?"

"பிறகென்ன. நேரம் முடியுமட்டும் இருந்தார். நானும் இருந்தன். என்ரை கையைப் பாத்தார். அந்த விரலைத்தான்."

முகாமில் உடைத்த விரல் அது. கோணலாகப் பொருந்தியிருக்கும்.

"காட்டினனீங்களோ?"

"ஒளிக்கேல்லை." அந்த விரலைத் தடவினார். "எனக்கு அழுகை வந்திட்டுது. ஏனெண்டு தெரியேல்லை. அந்த மனுசன் மற்றப் பக்கம் திரும்பேல்லை. அப்பிடியே இருந்தார்."

அந்த மனிதர் என்ன முடிவோடு திரும்பிப் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மிச்ச நாட்களில் வேலையில் கை சரியாக ஓடவில்லை. சுப்பவைசர் இரண்டு தரம் வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழு அமைதியும் எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பதிலேயே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எங்கள் விஷயம் வந்தபோதும் உடனே எழும்பவில்லை. அந்தப் பெண் பொறுத்திருந்தா. எல்லாரும் பொறுத்திருந்தார்கள். கடைசியில் எழும்பி, "போய்ப் பார்த்தேன். எனக்கு மனம் ஒப்புகிறது" என்றார். பிறகு, "நாளைக்கு யார் கார் கொண்டுபோவது? நான் கொண்டுபோகிறேன்" என்றார்.

திங்கட்கிழமை பிளம்பரின் வேலை வான் வண்டியில் போனோம். பின்னால் குழாய்கள் கிலுகிலுவென்றன. சின்னம்மாவும் வந்தா. என்னைத் தனியே விட அவவுக்கு மனமில்லை. வழிமுழுக்கப் பேசாமல் வந்தவ, விசாரணை அறைக்கு வெளியே அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னா.

"எவ்வளவு காலமாத் தெரியும் எண்டு கேப்பாங்கள். கன வருசம் எண்டு சொல்லுங்கோ. குடும்பத்தோடை கடிதத்தொடர்பு எண்டு சொல்லுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றா அந்த அம்மா. கோபமில்லை. சின்னம்மாவின் கையையும் விடவில்லை. "எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்."

சின்னம்மா என் பக்கம் திரும்பி, "முடிஞ்சுது" என்றா.

அறை சின்னது. முடிவு சொல்கிற அதிகாரி ஒரு மேசைக்குப் பின்னால். இமிகிரேசன் சார்பில் ஒரு இளம் ஆள். எங்கள் லோயர். ஒரு மொழிபெயர்ப்பாளர். என் கணவரை இரண்டு காவலாளிகள் கொண்டுவந்து இருத்தினார்கள். என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு, பைபிளை நீட்டி, சத்தியம் செய்யச் சொன்னார்கள்.

"நான் சத்தியம் செய்வதில்லை" என்றா.

லோயர் நிமிர்ந்தார்.

"எப்போதும் உண்மைதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது மட்டும் சத்தியம் செய்தால் மற்ற நேரம் பொய் சொல்கிறேன் என்றாகிவிடும். உண்மை சொல்வேன் என்று உறுதி சொல்கிறேன்."

அதிகாரிக்கு அது புதினமில்லைப்போல. தலையாட்டிவிட்டு, அப்படியே சொல்லவைத்தார். பிறகு அந்த இளம் ஆள் கேட்கத் தொடங்கினான்.

"இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"சில கிழமைகளாக."

"நிறையப் பேசியிருக்கிறீர்களா?"

"இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான சொற்கள் குறைவு. கூட இருந்திருக்கிறேன்."

"இவருடைய பெயர் இதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவர் சொன்னார், அவருடைய மனைவி சொன்னா. நான் நம்புகிறேன்."

அவன் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. லோயர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். சின்னம்மா என் தொடையை நுள்ளினா.

"வெளியே விட்டால் இவர் ஒவ்வொரு தடவையும் எங்களிடம் வந்து கையெழுத்துப் போடுவார், நாடுகடத்தச் சொன்னாலும் வருவார் என்று உங்களால் உத்தரவாதம் தர முடியுமா?"

அவ பதில் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தா. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொல்லி முடித்தும் பதில் வரவில்லை. சுவரில் ஹீற்றர் இரைந்தது. ஓம் என்று சொல்லுங்கோ, ஒரே ஒரு ஓம் என்று நான் மனதுக்குள் அவவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு மனிதர் என்ன செய்வார் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது" என்றா. "நான் செய்வதைச் சொல்ல முடியும். அவரும் மனைவியும் என் வீட்டில் இருப்பார்கள். அவர் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் நானோ எங்களில் ஒருவரோ கூட வருவோம். அவர் போய்விட்டால், அன்றைக்கே நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வேன்."

"காட்டிக் குடுப்பன் எண்டெல்லோ சொல்லுறா" என்று சின்னம்மா என் காதுக்குள் சொன்னா.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது என் கணவர் முதல் தடவையாக நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். அதிகாரி கேட்டார்.

"இந்த அம்மா சொன்னது விளங்கினதா?"

"ஓம். அவ அப்பிடித்தான் சொல்லவேணும். நான் ஓடமாட்டன். ஓடி ஓடிக் களைச்சுப்போனன்."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். பிளம்பர் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா வாய்க்குள் தேவாரம் சொன்னா. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இல்லை என்று சொன்னால் அவரைக் கொண்டுபோகும்போது தொட விடுவார்களா என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பப் போனபோது அதிகாரி கடதாசியைப் பார்த்தே வாசித்தார். முதல் பகுதி முழுக்க எங்களுக்கு எதிராக இருந்தது. அடையாளம் உறுதியாகவில்லை, கள்ளப் பாஸ்போட்டில் வந்தார், அதை அழித்தார். லோயரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி, பிணை நிற்க வந்தவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னபடியால், தெரியும் என்று சொன்னதைத் தான் நம்புவதாகச் சொன்னார். கிழமைக்கொருமுறை கையெழுத்துப் போடவேண்டும், அந்த வீட்டில்தான் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு விடச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்த பிறகும் என் கணவர் எழும்பவில்லை. காவலாளிதான் தோளைத் தட்டி, போகலாம் என்றார்.

அவருடைய பனிக் கோட் எங்களிடம் இல்லை. பிளம்பர் தன்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

அந்த அம்மாவின் வீட்டு மேல்மாடியில் ஏழு மாதம் இருந்தோம். சுகமான நாட்கள் என்று சொல்லமாட்டேன். கதவு மணி அடித்தால் அவர் குளியலறைக்குள் போய்விடுவார். அவரின் இருமல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால், ஓடிவிட்டாரோ என்று நானே படியேறிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுகிற நாளில் யாராவது ஒருவர் தவறாமல் வாசலில் நின்றார். பனி கொட்டி வான் கிளம்பாத ஒரு காலையில் பிளம்பரும் அவரும் சப்வேக்கு ஓடி, இமிகிரேசன் அலுவலகக் கதவு மூடப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு டொக்டர் இருந்தா. விரலையும் முதுகையும் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று எழுதித் தந்தா. ஒரு பழைய வாத்தியார் எங்கள் இருவருக்கும் இங்கிலிஸ் சொல்லித் தந்தார். அவர்களுக்கு இங்கிலாந்தில் தெரிந்தவர்கள், அவர்களுக்குக் கொழும்பில் தெரிந்தவர்கள் என்று கைமாறிக் கைமாறிப் போய், வவுனியாவில் அகதியாக இருந்த என் கணவரின் பள்ளிக்கூடத்து அதிபரைத் தேடிப் பிடித்தார்கள். இவர் இன்னார், எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். கடைசியில் இவரை அகதியாக ஏற்றுக்கொண்டது அதை வைத்துத்தான்.

எங்களைத் தண்ணியில் முக்கவில்லை. என்ன சமயம் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் சில ஞாயிறுகளில் அங்கேயும் போனேன். இருமலுக்குத் துள்ளுவது நின்றது. எப்போது நின்றது என்று சரியாகத் தெரியாது.

வெள்ளைக்காரி வீட்டுக்குப் போனது சின்னம்மாவுக்குப் பெரிய குறை. சொந்தத்துக்குள் தலை காட்ட முடியவில்லை என்று கன நாள் என்னோடு கதைக்கவில்லை. மோர்னிங்சைட்டில் எங்களுக்கு அப்பாட்மென்ற் கிடைத்த அன்றைக்குத்தான், ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தா. அந்த அம்மாவும் பிளம்பரும் இன்னும் நாலைந்து பேரும் கட்டிலையும் மேசையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வைத்து முடித்ததும் போகமுதல் கொஞ்சம் அமைதியாக இருப்போமா என்று அந்த அம்மா கேட்டா. எல்லாரும் வெறும் நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தோம். சின்னம்மாவும் சீலையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தா. கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தா.

"இதுக்குள்ளை என்ன நினைக்கிறது?" என்று மெல்லக் கேட்டா.

"தெரியாது சின்னம்மா."

அவ அதற்குமேல் கேட்கவில்லை. கறிச் சட்டியின் மூடியைச் சரிசெய்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.